இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி நான் எழுதியது

அந்த ஆல்பம் வருவதற்கு முந்திய வாரம் நான் மனுஷியாகவே இல்லை. கடையில் மடித்து வைத்த சேலையையே மறுபடி எடுத்து மடித்தேன். ஒரு அம்மா சிவப்பில் பட்டுக் கேட்டதற்குப் பச்சையை எடுத்துப் போட்டு, "இது ஒங்களுக்கு எடுப்பா இருக்குங்க" என்று வேறு சொன்னேன். வீட்டில் சோற்றில் கையை வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒனக்கு என்ன, நாளைக்கு நிச்சயதார்த்தமா?" என்று அம்மா கேட்டார். நிச்சயதார்த்தமாக இருந்தால்கூட நான் அப்படித் தவித்திருக்க மாட்டேன்.

பாடகி எங்கள் மாவட்டத்துப் பிள்ளை. தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து மாத்தளை டவுனில் படித்தவள். முதல் ஆல்பத்தை யாரோ ஒருவரின் வீட்டு அறையில், ஜன்னலுக்கு மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரே ஒரு மைக்கில் பாடியதாக ஒரு பேட்டியில் சொல்லியிருந்தாள். அதில் எட்டுப் பாட்டு. எட்டிலும் எங்கள் பேச்சு. "வாறீங்களா, போறீங்களா" என்று நாங்கள் கடையில் பேசுவதையே அவள் பாட்டில் பேசினாள். அதுவரை எங்கள் பேச்சு ரேடியோவில் வந்தால் சிரிப்பு காட்டுவதற்காகத்தான் வரும். அவள் அதே பேச்சில் காதலைச் சொன்னபோது நான் பஸ்ஸில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பக்கத்தில் இருந்தவளும் அழுதாள்.

பக்கத்தில் இருந்தவள் என்றால், என் தோழி. என்னைவிட நான்கு வயது இளையவள். மாத்தளை மெயின் வீதியில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் துணிக்கடையில் நான் சேலைப் பக்கம், அவள் பிள்ளைகளின் உடுப்புப் பக்கம். என் வீடு உக்குவளை ஸ்டேஷனுக்குக் கிட்ட. அவளுடைய ஊர் அங்கிருந்து உள்ளே போக வேண்டும், முஸ்லிம் ஆட்கள் பரம்பரையாக இருக்கிற ஊர். காலை பஸ் அவளுடைய ஊரில்தான் புறப்படும். அவள் முதலில் ஏறி, இடது பக்கத்தில் ஜன்னல் சீட்டில் தன் பையை வைத்து எனக்காகப் பிடித்து வைத்திருப்பாள். ஜன்னல் இல்லாவிட்டால் எனக்குக் குமட்டும். நான் ஏறியதும், "வாங்க அக்கா" என்று முழங்காலை ஒதுக்கி வழி விடுவாள். தன்னுடைய சொந்த அக்காவை அவள் "தாத்தா" என்பாள், அது அவர்களுடைய வழக்கம். என்னை "அக்கா".

ஹெட்செட் என்னுடையது. ஒரு முனை என் வலது காதில், மறு முனை அவளுடைய இடது காதில். அவள் தலைத்துணிக்கு அடியில் விரலை விட்டு அதைப் பொருத்திக்கொள்வாள். போகும்போது நான்கு பாட்டு, வரும்போது நான்கு பாட்டு. இரண்டு வருஷம் இப்படித்தான் கேட்டோம். வீட்டில் நான் சத்தமாகப் பாட்டுப் போடுவதில்லை. என் போன் ஒரு தடவை வாளித் தண்ணீரில் விழுந்ததிலிருந்து அதன் ஸ்பீக்கர் செத்துப்போய்விட்டது. தனியாகக் கேட்டாலும் வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு மற்றதைத் தொங்க விட்டுவிடுவேன். அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டுமே. முதல் கூப்பாட்டுக்குப் பதில் வராவிட்டால் என் அம்மா இரண்டாவதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவார்.

பேஸ்புக்கில் அந்தப் பாடகிக்கு ஒரு ரசிகர் பக்கம் தொடங்கியது நாங்கள் இருவரும்தான். அதில் கருத்து எழுதுவது என் வேலை. எனக்கு வாய் நீளம், கையும் நீளம். எழுதியதை முதலில் அவளுக்கு அனுப்புவேன். "அக்கா, இந்த எடம் கொஞ்சம் காரம்" என்பாள். முனகிக்கொண்டே வெட்டுவேன். பிறகுதான் பக்கத்தில் ஏற்றுவேன். எங்களுக்குள் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. புதுப் பாட்டு எது வந்தாலும் முதல் தடவை தனியாகக் கேட்கக் கூடாது. பஸ்ஸில், ஒன்றாக.

ஆல்பம் வந்த வியாழக்கிழமை காலையில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் சிங்களத்தில் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று ஆட்களை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். நான் எல்லாரையும் இடித்துக்கொண்டு போய் ஜன்னலோரம் விழுந்தேன். அவள் முந்திய இரவு தங்கை பிள்ளையின் காய்ச்சலோடு விழித்திருந்தவள், கண் இரண்டும் சொருகி இருந்தது. ஆனாலும் சிரித்தாள். "போடுங்க அக்கா, நெஞ்சு அடிக்குது" என்றாள். போட்டேன்.

முதல் பாட்டு. குரல் நன்றாக இருந்தது, கழுவித் துடைத்த மாதிரி. கிட்டார் வந்தது. கீபோர்ட் வந்தது. நான் காத்திருந்தேன். வேறு ஒன்றும் வரவில்லை. இரண்டாவது பாட்டும் அதே. மூன்றாவது பாட்டில் ஒரு கேள்வியைப் பாடிவிட்டு அவள் நிறுத்துகிறாள். காலியாகக் கொஞ்ச நேரம். பிறகு இன்னொரு கேள்வி. மறுபடி காலி. என்னடி இது, பாட்டா பரீட்சைத்தாளா என்று எனக்குள் கொதிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் பார்த்தால் அவள் கண்ணை மூடி, உதட்டில் ஒரு சிரிப்போடு தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பாதித் தூக்கம் என்று நினைத்தேன்.

கடையில் அன்று எங்களுக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட உடுப்பு வாங்க வந்த கூட்டத்தில் அவள் மாட்டிக்கொண்டாள். நான் சேலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு உள்ளுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். மீதி நான்கு பாட்டைக் கேட்பதற்கு முன்பே என் கருத்து முடிந்துவிட்டது. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

பின்னேரப் பஸ்ஸில் மீதியையும் கேட்டோம். கடைசிப் பாட்டு முடிந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"போச்சு. நம்மள விட்டுட்டுப் போயிட்டா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா சொல்றீங்க? எனக்கு மூணாவது பாட்டுலயே ஒடம்பு சிலுத்துப் போச்சு. அந்த அம்மாட கொரல்!"

"எந்த அம்மா?"

"அதான் அக்கா, இவ பாட்டுக்கு நடுவுல பேசுறாங்களே."

"ஒருத்தரும் பேசல. நீ தூங்கிட்டு வந்த. அவ கேள்வியக் கேட்டுட்டு சும்மா நிக்கிறா, அது பெரிய கலைன்னு நெனப்பு."

"தூங்கல அக்கா. சத்தியமா." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "சரி, அத விடுங்க. கடைசிப் பாட்டு முழுக்க உடுக்கு அடிச்சிட்டே ஈக்குதே, அதயாச்சும் கேட்டீங்களா?"

உடுக்கு என்றதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆல்பத்தில் நான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்ததே அதைத்தான். எங்கள் சத்தம் ஏதாவது ஒன்று, ஒரு உடுக்கு, ஒரு தவில், எதுவாவது வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று இவள் எனக்குச் சொல்கிறாள்.

"ஒனக்கு உடுக்கு சத்தம் எப்படி இருக்கும்னு தெரியுமாடி?"

"தெரியுமே. கோயில் தேர் போகக்குள்ள வாப்பாட கடை வாசல்ல நின்னு எத்தன வருஷம் பாத்திருப்பேன்."

"வாசல்ல நின்னு பாத்தா போதுமா? அது எங்க சாமி சாமான். அதப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தாறியா?"

பஸ் உக்குவளைக்கு வந்துவிட்டது. அவள் தலைத்துணிக்கு அடியில் விரலை விட்டு அந்த முனையைக் கழற்றினாள். வயரை விரலில் சுற்றி, ஒழுங்காக முடிச்சிட்டு, என் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க. இதும் ஒங்க சாமான்" என்றாள்.

நான் இறங்கிவிட்டேன். இறங்கும்போது அவளுடைய காலை மிதித்தேன் என்றும் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதினேன். அவளுக்கு அனுப்பவில்லை. நேராகப் பக்கத்தில் ஏற்றினேன். "நல்ல ஸ்டூடியோ கிடைத்ததும் நம்மள வாசலிலேயே விட்டுட்டு உள்ளே போயிட்டாங்க" என்று தொடங்கினேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் எழுதத் தெரியாமல் நிற்கிற மூன்றாவது பாட்டைக் கிழி கிழி என்று கிழித்தேன். எங்கள் மண்ணின் ஒரு தோல் கருவிகூட இல்லாத ஆல்பம் என்று முடித்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரசிகர்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். வில்கமுவையில் வயல் செய்கிற ஒருவர், முதல் ஆல்பம் டிராக்டர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது, இது கேட்கவில்லை, ஆகவே இது சரியில்லை என்று தீர்ப்பு எழுதினார். கட்டாரில் வேலை செய்கிற ஒருவர், இதைப் போட்டால் தனக்கு உடனே தூக்கம் வருகிறது என்றார். அது பாராட்டா திட்டா என்று கேட்டதற்கு அவர் பதில் போடவில்லை, தூங்கிவிட்டார் போல. பல்லேகமவில் இருந்து ஒரு சிங்களப் பிள்ளை, தமிழ் தெரியாது, ஆனால் எல்லாப் பாட்டும் மனப்பாடம், கருத்துகளைப் போனில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, "அனே, ஏன் எல்லாரும் திட்டுறீங்க, எனக்கு அழுகை வருது" என்று சிங்களத்தில் எழுதினாள். சிலர் உடுக்கு இருக்கிறது என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். இல்லை என்றவர்களுக்கு மட்டும் நான் இதயம் போட்டேன்.

அப்போதுதான் என் தோழி எழுதினாள். "அக்கா, உடுக்கு இருக்கு. எட்டாவது பாட்டு இன்னொரு தரம் கேட்டுப் பாருங்க." அவ்வளவுதான். பஸ்ஸில் நான் பேசியதை அவள் பொதுவில் கொண்டுவரவில்லை. அழைத்தால் நான் எடுக்க மாட்டேன் என்று தெரிந்து அங்கே எழுதியிருக்கலாம்.

நான் எழுதிய பதிலை இங்கே அப்படியே தருகிறேன், மறைக்க எனக்கு உரிமை இல்லை. "உடுக்கு எங்க கோயில் சாமான். அந்த சத்தம் எங்க ரத்தத்துல இருக்கு. தெரியாதவங்க தெரிஞ்ச மாதிரி பேச வேணாம்."

அவளுடைய பெயரைப் பார்த்தாலே அவள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் கதவைத் திறந்துவிட்டேன், ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். "நல்லாக் குடுத்தீங்க அக்கா" என்று ஒருவர். "இவங்களுக்கு எல்லாத்துலயும் மூக்க நுழைக்கணும்" என்று இன்னொருவர். முகம் தெரியாத ஒருவன், "நீங்க ஒங்க பள்ளிவாசல் பாங்கு சத்தத்தப் பாத்துக்கங்க, உடுக்க நாங்க பாத்துக்குறோம்" என்று எழுதினான். அதற்கு நான் சிரிப்புப் போட்டேன். மஞ்சள் முகம், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்குமே, அதை. யோசித்துப் போடவில்லை. யோசிக்காமல் போட்டதுதான் இன்றுவரை எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் சீட்டில் பை இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மடியில் பிள்ளையோடு வேறொரு அம்மா. அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் நின்றுகொண்டே மாத்தளை வரை போனேன். குமட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இவளுக்கு இவ்வளவு ரோஷமா, நான் என்ன செய்துவிட்டேன், பாட்டைப் பற்றித்தானே பேசினேன் என்று எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடினேன்.

அவள் எங்கள் பேஸ்புக் பக்கத்திலிருந்தும் விலகிவிட்டாள். கடையில் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டாள். முதலாளியின் மனைவி, "என்ன, ரெண்டு பேருக்கும் ஏதும் சண்டையா?" என்று கேட்டபோது அவள், "இல்லையே, சும்மா" என்றாள். நானும், "இல்லையே" என்றேன். இரண்டு வாரம் இப்படிப் போனது. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து தண்ணீர் எடுக்கப் போவேன். தண்ணீரோடு வந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்திருக்கும். அந்தப் பதிவுக்கு ஆட்கள் இன்னமும் கருத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவை போன் அதிரும்போதும் அவளாக இருக்கும் என்று எடுப்பேன். யாரோ ஒருவர் எனக்குச் சபாஷ் சொல்லியிருப்பார். எரிச்சலாக வரும்.

அந்த ஆல்பத்தை நான் மறுபடி கேட்கவே இல்லை. இனிமேல் அதைக் கேட்டால் என்னைச் செருப்பால் அடி என்று அம்மாவிடம்கூடச் சொல்லியிருந்தேன். அம்மா, "எந்தச் செருப்பு?" என்றார்.

அப்புறம் என் வலது காதுக்குள் ஒரு கட்டி வந்தது. விண்ணென்று தெறித்தது. அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் விட்டார். அப்படியும் வேலைக்குப் போகத்தானே வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு, மனம் கொஞ்சம் அடங்கட்டும் என்று முதல் ஆல்பத்தைப் போட்டேன். வலது முனை முந்திய நாள் எண்ணெயில் பிசுபிசுவென்று இருந்தது. அதை விட்டுவிட்டு, எப்போதும் அவள் போட்டுக்கொள்கிற முனையை எடுத்து என் இடது காதில் வைத்தேன். பழைய பாட்டுகள் பழைய மாதிரியே கேட்டன. அன்று வழியில் ஏதோ லொறி குறுக்கே நின்று பஸ் நகராமல் கிடந்ததில் முதல் ஆல்பம் முடிந்து, போன் தானாகவே இரண்டாவதற்குப் போய்விட்டது. ஒரு கையில் மேல் கம்பி, மறு கையில் சாப்பாட்டுப் பை. நிறுத்த முடியவில்லை. சரி, கத்தித் தொலை என்று விட்டுவிட்டேன்.

முதல் பாட்டிலேயே கிட்டாரைக் காணோம். வேறு ஏதோ ஒன்று அந்த இடத்தில் தாளம் போட்டது. போன் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். மூன்றாவது பாட்டு வந்தது. பாடகி பாடிக்கொண்டிருக்கிறாள், அவளுடைய கேள்விகளைக் காணோம், நடுவில் வயதான ஒரு அம்மா, மிகக் கிட்டத்தில், என் காதுக்குள் வாய் வைத்த மாதிரி, "ஆமாம் புள்ள, வந்துட்டேன்" என்றார். நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு பொடியன் பிஸ்கட் தின்றுகொண்டு நின்றான். "நேத்தே வந்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

 சாப்பாட்டுப் பையை முன்னால் இருந்த ஒருவரின் மடியில் கேட்காமலே வைத்தேன். வலது முனையைச் சட்டையில் துடைத்து, கட்டி வலித்த காதிலேயே அழுத்தினேன். உயிர் போனது. ஆனால் கேட்டது. கேள்வி இந்தக் காதில், பதில் அந்தக் காதில். நான் பரீட்சைத்தாள் என்று கிழித்த இடங்களில் எல்லாம் அந்த அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உடனே முதல் ஆல்பத்துக்குப் போய் ஒவ்வொரு காதாக மாற்றி மாற்றிக் கேட்டேன். அதில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான். ஒரே மைக்கில் பாடியது வேறு எப்படி இருக்கும்? இரண்டாவது ஆல்பத்தை நல்ல ஸ்டூடியோவில் செய்து, பாதியை ஒரு பக்கமும் பாதியை மறு பக்கமும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாங்களோ இரண்டு வருஷப் பழக்கத்தில் ஆளுக்கு ஒரு காதைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் பாதியை அவள் கேட்டாள். என் பாதியை நான் கேட்டேன். என் பாதிதான் முழுசு என்று ஊருக்கே எழுதினேன்.

எட்டாவது பாட்டுக்குத் தாவினேன். இடது காதில் உடுக்கு. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மெல்ல, விடாமல்.

நான் சிரித்துவிட்டேன். பஸ்ஸில் எல்லாரும் பார்க்கச் சிரித்தேன். அவ்வளவு நிம்மதி. பாடகி எங்களை விட்டுப் போகவில்லை. பிறகு அந்த மஞ்சள் முகம் ஞாபகம் வந்தது. 

அன்று அவள் வேலைக்கு வரவில்லை, லீவு. பின்னேரம் முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தேன். அதோடு என் பதிலும், அந்தச் சிரிப்பும், அந்த ஆளின் கருத்தும் போயின. அவனைப் பக்கத்திலிருந்தும் தூக்கினேன். ஒற்றைக் காதில் கேட்டுவிட்டு எழுதினேன், பிழை என்னுடையது, உடுக்கு இருக்கிறது என்று சொன்னவரை அவமானப்படுத்தினேன், மன்னிக்க வேண்டும் என்று புதிதாக எழுதினேன். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வில்கமுவைக்காரர், "அப்ப நானும் ரெண்டு காதுலயும் கேட்டுப் பாக்குறேன்" என்று எழுதினார். என் தோழி இப்போது அந்தப் பேஸ்புக் பக்கத்தில் இல்லை, ஆகவே பார்க்கவில்லை. அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஊருக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கதை இவ்வளவு நன்றாக இருக்கிறதே, கேட்டால் சிரிக்காமல் இருக்க மாட்டாள் என்று எனக்குள் ஒரு தெம்பு இருந்தது.

அவளுடைய உம்மா கதவைத் திறந்தார். "வாங்க மகள், எங்க இத்தன நாளா காணல்ல?" என்று உட்கார வைத்து, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். அவள் உள்ளிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் எடுத்த எடுப்பில் காதுக் கட்டியிலிருந்து தொடங்கி, பூண்டெண்ணெய், லொறி, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஹெட்செட்டை நீட்டினேன். அவள் கொஞ்சம் தயங்கி, இரண்டு முனையையும் தலைத்துணிக்குள் கொண்டுபோனாள். மூன்றாவது பாட்டைப் போட்டேன்.

முகம் மாறியது. "அல்லாவே, இவ நெசமாவே கேள்வி கேக்குறாளா!" என்றாள் சத்தமாக. "நான் இந்த அம்மா தனக்குத்தானே பேசுறாங்கன்னுல்ல நெனச்சேன்!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். உம்மாவும் எட்டிப் பார்த்து என்னவென்று தெரியாமலே சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.

பாட்டு முடிந்தது. ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அக்கா, அந்தப் பாங்குக் கதைக்குச் சிரிச்சீங்களே. அத அழிச்சிட்டீங்களா?"

"அழிச்சிட்டேன்டி. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"எப்ப?"

"முந்தாநாள். வெள்ளிக்கிழம பின்னேரம்."

"உடுக்கக் கேட்ட பொறகா, முந்தியா?"

பிஸ்கட் வாயில் மாவாக நின்றது. "பொறகு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சண்டை பிடிக்கிற முகம் இல்லை அது. கணக்கு ஒன்று தெரியாமல் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"உடுக்கு இல்லாம இருந்திருந்தா? எனக்குத்தான் பிழையாக் கேட்டிருந்தா? அப்பவும் வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டு வாரம் இருந்தது. ஒரே பஸ், ஒரே கடை. அந்தச் சிரிப்பு அங்கேயே கிடந்தது, நான் தினமும் அதைத் தாண்டித்தான் மற்றக் கருத்துகளைப் படித்தேன். ஒரு விரலை வைத்தால் அழிந்துவிடும். வைக்கவில்லை.

"தெரியாதுடி" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

எழுந்து கோப்பைகளை எடுத்தாள். என்னுடையதில் பாதித் தேத்தண்ணி இருந்தது. அதைப் பார்த்துவிட்டும் எடுத்தாள். பிறகு உள்ளே பார்த்து, "உம்மா, இவங்களுக்கு பஸ் வாற நேரம்" என்றாள்.

அந்த வழியில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு பஸ் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். உம்மா வாசல் வரை வந்து, மகளைத் திரும்பிப் பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு உக்குவளையைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன்.